மகள் வெட்டிய விடை

சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு ‘சி’ எடுத்தவன் நான். அதைப் பற்றி இத்தனை வருடங்களில் யாரும் விசாரிக்காததால், எட்டாம் தரம் படித்துக்கொண்டிருந்த என் மகளிடம் அடிக்கடி சொல்லிக்கொள்வேன்.

தவணைப் பரீட்சைக்கு முதல் நாள் பின்னேரம், 3/4 ÷ 1/2 × 2/3 என்ற கணக்குக்கு 1 என்று விடை எழுதியிருந்தாள். பின்னக் கணக்கில் இவ்வளவு சுத்தமாக விடை வருமா? வியர்க்காமல் வந்த விடையை நான் நம்புவதில்லை.

“பெருக்கலத்தான் முதல்ல செய்யணும். எங்க கணக்கு சேர் அடிச்சு சொல்லிக் கொடுத்தது.”

“மிஸ் இடது பக்கத்துலருந்து வரிசையா செய்யச் சொன்னாங்கப்பா.”

“ஒங்க மிஸ்ஸுக்கு என்ன வயசு?”

வயதைக் கொண்டு எந்தப் பின்னத்தைச் சுருக்கப் போகிறேன் என்று அவள் கேட்கவில்லை. நான் சொன்னபடி செய்தாள். இரண்டேகால் வந்தது. பார்க்கவே படித்தவன் விடை மாதிரி இருந்தது.

பரீட்சையில் அதே கணக்கு வந்தது. ஐந்து புள்ளி. எழுபத்தைந்து எடுத்தால் அடுத்த வருடம் ‘ஏ’ வகுப்பு. அவளுடைய கூட்டாளிகள் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். இவளுக்கு எழுபத்தொன்று. அரை நாள் லீவு போட்டு, உக்குவளை பஸ்ஸில் ஏறி, பள்ளிக்கூடத்துக்கு நியாயம் கேட்கப் போனேன்.

ஆசிரியை பொறுமையாகச் சொன்னார். “சேர், ‘அரையின் மூன்றில் இரண்டு’ன்னு ‘இன்’ போட்டுக் கேட்டா அதை முதல்ல செய்யணும். இதுல வெறும் பெருக்கல் தானே? வகுத்தலும் பெருக்கலும் சமம். எது முன்னுக்கு நிக்குதோ அதுதான் முதல்ல.”

‘இன்’ என்றால் பெருக்கு என்று எங்கள் சேர் சொன்னது உண்மை. அதில் பாதியைத் தொலைத்துவிட்டு, மீதியைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறேன்.

அவர் விடைத்தாளை எடுத்துக் காட்டினார். மகள் முதலில் 1 என்றுதான் எழுதியிருந்தாள். அதன்மேல் அடிமட்டம் வைத்து ஒரு கோடு. பக்கத்தில் என் இரண்டேகால்.

“வெட்டின விடைக்குப் புள்ளி போட ஏலாது சேர்.”

திரும்பி வரும் பஸ்ஸில் மகளிடம் கேட்டேன். “சரியாத்தானே எழுதின. ஏம்மா வெட்டின?”

“நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு.”

அவள் ‘பி’ வகுப்புக்குப் போய்விட்டாள். நேற்றுக் கணக்குச் செய்துகொண்டிருந்தவளுக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோனேன். முழங்கையால் கொப்பியை மறைத்துக்கொண்டாள்.

“அப்படியே வச்சிட்டுப் போங்கப்பா.”

வைத்தேன். கொப்பிப் பக்கம் பார்க்காமல் வைத்ததில், கொஞ்சம் மேசையில் சிந்தியது.