இடது சக்கரத்துக் கம்பி

இரும்பு விஷயத்தில் சிங்கப்பூரில் எனக்குத் தெரியாதது கிடையாது. படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதி வருஷம். ஆனால் ஒரு துண்டைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தால் போதும், கப்பலில் இருந்ததா, லாரியில் இருந்ததா என்று சொல்லிவிடுவேன். ஃபேரர் பார்க் பக்கம் ஒற்றைத் தகரக் கொட்டகையில் ஆரம்பித்த என் பட்டறையில் அறுபதுகளில் பதினோரு பேர் வேலை பார்த்தார்கள். சீனர்கள்கூட என்னைத் தவுக்கே, அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடுவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். என்ன இப்போது?

என் மச்சான், வீட்டுக்காரியின் தம்பி, ஐம்பதுகளில் வெள்ளைக்காரர்களின் விமான தளம் ஒன்றில் ஃபிட்டராக இருந்தான். ஒரு நாள் அவன் சரிபார்த்து அனுப்பிய சண்டை விமானம் இறங்கும்போது இடது சக்கரம் வெளியே வரவில்லை. ஒரே ஆள் உட்காரும் விமானம், மூக்கில் காத்தாடி வைத்தது. வயிற்றால் தரையைத் தேய்த்துக்கொண்டு போய் நின்றது. ஓட்டியவனுக்கு இருபத்திரண்டு வயது. மச்சானைப் பார்த்தால் சிகரெட் நீட்டுவானாம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அந்தப் பையனுக்கு உயிர் போய்விட்டது.

சக்கரத்தின் காலில் ஒரு நட்டு உண்டு. ஆட்டத்தில் அது தளராமல் இருக்க, மெல்லிய கம்பியை ஓட்டையில் கோத்து முறுக்கிக் கட்ட வேண்டும். "நீ கம்பி கட்டவில்லை, நட்டு தளர்ந்துவிட்டது" என்று சொல்லி மச்சானை வேலையை விட்டு அனுப்பினார்கள். விமானத்தை அவன் கண்ணில் காட்டவே இல்லை.

அதன் பிறகு அவன் ஸ்பேனரைத் தொடவில்லை. ஒரு கிடங்கில் வாட்ச்மேனாகச் சேர்ந்தான். குவீன்ஸ்டவுனில் வீடு கிடைத்துக் குடிபோனதும் ஒரு வழக்கம் வந்தது. கதவைப் பூட்டிவிட்டுப் படி இறங்குவான். திரும்ப ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பான். மறுபடி இறங்குவான், மறுபடி ஏறுவான். "இவன் பஸ் பிடிக்கிறதுக்குள்ள டிப்போவே மூடிடும்" என்று அவன் அக்கா கிண்டல் பண்ணுவாள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒரு நாள் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது சொன்னான்.

"அத்தான், அன்னைக்கு அவங்க கேட்டப்ப கட்டினேன்னு எனக்கு நல்லாத் தெரியும். கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணியிருப்பேன். இப்பக் கேட்டா தெரியலை. நெனச்சு நெனச்சு அந்த நெனப்பே தேஞ்சு போச்சு. அந்த விமானத்தைப் பழைய இரும்புக்குத்தான் போட்டிருப்பாங்க. எங்க இருக்குன்னு பார்க்க முடியுமா? அந்த நட்டுல கம்பி இருக்கா இல்லையான்னு ஒரு தடவை என் கண்ணால பார்த்துட்டாப் போதும்."

"யாருகிட்டக் கேக்கறே மாப்ளே? இந்த ஊர்ல பழைய இரும்பு என் கண்ணுல படாம எங்க போயிடும் லா?"

வால் நம்பர் அவனுக்கு மனப்பாடம். சிகரெட் அட்டையில் எழுதித் தந்தான். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது, நம்பர் வரும். அது போதும்.

தேடி முடிக்க இரண்டு வருஷம் ஆனது. ஏலத்தில் எடுத்தவர் ஜாலான் புசார் சீனத் தவுக்கே ஒருவர். கிழவர் என்ஜினைக் கழற்றிக்கொண்டு உடம்பை விற்றுவிட்டாராம். யாருக்கு என்று கேட்டால் கையை விரித்தார். நான்கு முறை போனேன். நான்காவது முறை அவர் மகள் நினைவு வந்து சொன்னாள், ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு என்று. அங்கே விமானத்துக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துப் பிள்ளைகள் ஏறி விளையாட வைத்திருந்தார்கள். இறக்கை வளைந்ததும் அதையும் தள்ளிவிட்டார்கள். கடைசியில் சாங்கிக்குப் போகும் வழியில் ஒரு கம்போங் கிராமத்தில் கண்டுபிடித்தேன். கோழிக்கூண்டாகக் கிடந்தது. விமானி உட்காரும் இடத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஐந்து காசை எடுத்து வாலைச் சுரண்டினேன். சிவப்புக்குக் கீழே ஒவ்வொரு நம்பராக வந்தது. அட்டையில் இருந்த அதே நம்பர். அந்தச் சேற்றில் நின்று நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துக் கோழிக்காரர் பயந்துவிட்டார்.

இடது சக்கரத்தின் கால் இறக்கைக்குள் மடங்கியபடியே இருந்தது. மேலெல்லாம் சேறும் எச்சமும் கெட்டித்திருந்தன. நட்டு எங்கே, கம்பி எங்கே, ஒன்றும் தெரியவில்லை. அப்போதே மச்சானைக் கூட்டிவந்து காட்டியிருக்க வேண்டும்.

நான் காட்டவில்லை. ஆயுத பூசைக்கு ஐந்து நாள்தான் இருந்தது. எங்கள் பட்டறையில் ஆயுத பூசை என்றால் சிராங்கூன் ரோட்டுக் கடைக்காரர்கள் பாதிப் பேர் வருவார்கள். நடுவில் விமானம் பளபளவென்று நிற்க வேண்டும், மாலை போட்டு, சந்தனம் வைத்து, மச்சானைக் கைபிடித்து அழைத்துவந்து காட்ட வேண்டும். அதுதான் என் மனசில் நின்றது. கோழி எச்சத்தோடு பூசைக்கு வைக்க முடியுமா? கோழிக்காரரிடம் விலை பேசி, லாரியில் பட்டறைக்குக் கொண்டுவந்து, ஆட்களிடம் கழுவச் சொன்னேன். இடது காலை மட்டும் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி, வாய் திறந்து சொல்லவில்லை. வெள்ளிப் பெயின்ட் வாங்கவும் கடைக்காரர்களைப் பூசைக்கு அழைக்கவும் கிளம்பிவிட்டேன்.

என் பட்டறையில் எதைக் கழுவினாலும் முதல் வேலை, கம்பி, கயிறு, ரப்பர் எல்லாவற்றையும் வெட்டித் தகர டின்னில் போடுவது. அப்புறம் நட்டு எல்லாவற்றையும் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போடுவது. அந்த முறையை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். திரும்பி வந்தபோது இடது கால் கண்ணாடி மாதிரி மின்னியது.

"இந்தக் கால்ல இருந்த நட்டுல கம்பி இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"எத்தனையோ வெட்டினோம் தவுக்கே. எது எங்க இருந்துச்சுன்னு யார் பார்த்தா?"

டின்னைக் கீழே கொட்டிப் பார்த்தேன். துருப்பிடித்த துண்டுகள் ஒரு கூடை. கோழிக்காரர் கட்டிய கம்பிகளும் அதிலேயே கலந்து கிடந்தன. நட்டுகளைத் திரும்ப மாட்டச் சொன்னேன். வால் நம்பரை மட்டும் விட்டுவிட்டுப் பெயின்ட் அடிக்கச் சொன்னேன். வேறு என்ன செய்ய?

பூசை அன்று மச்சான் வந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அவன் வாலைப் பார்த்தான், நம்பரை விரலால் தடவினான். பிறகு சட்டென்று மண்டியிட்டு இறக்கைக்குக் கீழே போனான். நானும் குனிந்தேன். அவன் விரல் அந்த நட்டின் மேல் இருந்தது. ஓட்டை காலியாக இருந்தது.

"கழுவினப்ப இதுல கம்பி இருந்துச்சா அத்தான்?"

"இருந்துச்சு மாப்ளே. நானே பார்த்தேன்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் வெளிச்சம் வந்தது. அதை எப்படி மறக்க?

"எந்தப் பக்கம் முறுக்கியிருந்துச்சு?"

கம்பியை முறுக்குவதற்குப் பக்கம் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இரும்பில் தெரியாததே கிடையாது என்று சொன்னேனே, அந்த நான் காலி ஓட்டையைப் பார்த்தேன். அவன் தலையைத் தாழ்த்திக்கொண்டான். கோபப்படவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"கம்பியும் குறடும் கொடுங்க" என்றான்.

பத்து வருஷத்துக்கு மேல் குறடு பிடிக்காத கை. ஓட்டையில் கோத்தான், இழுத்தான், முறுக்கினான். ஒரே மாதிரி, நெருக்கமாக, சடை பின்னியது போல வந்தது. அவன் கம்பியைப் பார்க்கக்கூட இல்லை.

"பாருங்க அத்தான், கை தானாச் செய்யுது. அன்னைக்கும் செஞ்சிருக்கும்ல?"

இன்னொரு பொய் சொல்ல வாய் வரவில்லை.

சுண்டலும் பொரிகடலையும் கொடுத்தார்கள். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசல் வரை போனான். அங்கே நின்றான். திரும்பி வந்து, இறக்கைக்குக் கீழே குனிந்து, கம்பியை இழுத்துப் பார்த்தான். மறுபடி வாசலுக்குப் போனான். மறுபடி திரும்பி வந்தான்.

யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.