கழன்றது தெரியாத செருப்பு

எனக்கு எழுபத்தொரு வயசு. நாலு பிள்ளைகளை வளர்த்தேன். ஹந்தானை மலையில் வெறுங்காலோடு தேயிலைக் கொழுந்து பறித்தவள். காலில் அட்டை ஏறினாலே தெரிந்துவிடும்.

நிணநீர்ப் புற்றுநோய் என்று கண்டியில் எனக்கு மருந்து ஏற்றினார்கள். போகப்போக ரெண்டு பாதமும் மரத்துப் போச்சு. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவாரோ என்று பயந்து, டாக்டரிடம் "ஒண்ணுமில்லீங்க" என்றே சொல்லி வந்தேன்.

ஒருநாள் கிளினிக் வாங்குப் பலகையில் உட்கார்ந்து குனிந்தால் ஒரு செருப்பைக் காணோம். பக்கத்தில் கெலிஓயா ஊர் முஸ்லிம் அம்மா ஒருவர். "என் செருப்பை எடுத்தது நீதானே?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"ஒத்தச் செருப்ப எடுத்து நான் என்ன செய்ய?" என்று எழுந்து போனவர், வாசல் படியிலிருந்து அதை எடுத்து வந்தார். குனிந்து போட்டுவிடப் போனவர் நிமிர்ந்தார்.

"ஒங்கட கால்ல ரத்தம் வருதே, தெரியல்லயா?"

எனக்குத் தெரியவே இல்லை. அவரே என்னைக் கூட்டிப்போய் டாக்டரிடம் சொல்ல வைத்தார். மருந்தால் நரம்பு கெட்டதாம். டாக்டர் அளவைத்தான் குறைத்தார், நிறுத்தவில்லை. முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காதாம்.

புற்றுக்கட்டி கரைந்துவிட்டது. பாதத்துக்கு உணர்ச்சி இன்னும் திரும்பவில்லை. தரையைப் பார்த்துப் பார்த்துத்தான் அடி வைக்கிறேன். என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

பேத்தி, அந்த அம்மாவைக் கள்ளி ஆக்கினதை விடாமல் எழுதினியா? எங்கே, வாசி.