ஞாயிற்றுக்கிழமைச் சாம்பிராணி

ஞாயிற்றுக்கிழமை காலையானால் எங்கள் வீட்டில் கண் எரியும். சாம்பிராணிப் புகை அப்படி. ஊரப்பாக்கத்தில், ஓனர் மாடியிலும் நாங்கள் கீழேயும் குடியிருந்த அந்த வீட்டில், ஊரெல்லாம் வெள்ளிக்கிழமை போடும் சாம்பிராணியை நாங்கள் மட்டும் ஞாயிற்றுக்கிழமை போட்டதற்குக் காரணம் பக்தி இல்லை, அடுப்பில் கொதித்த மீன்குழம்பு.

அப்பா சுத்த சைவம். ஆம்லெட் போடும் கடையில் டீ குடிக்கவே யோசிப்பவர். அம்மா கோவளம் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண். காதல் கல்யாணம். "வெஜிடேரியன் ஒன்லி" என்று சொல்லித்தான் வீடு கொடுத்தார்கள். அப்பா தன்னை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டார். அதற்கு முந்தைய கூடுவாஞ்சேரி வீட்டில் ஒரு கருவாட்டுத் துண்டு செய்த வேலையால், பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும்போதே சட்டிபானையோடு தெருவுக்கு வந்தவர்கள் நாங்கள். எனக்கு மீன் பிடிக்கும், ஆனால் அதிலிருந்து மீன் வரும் நாளைக் கண்டால் பயம்.

அம்மாவின் தம்பி, என் மாமா, மீனைத் தன் வீட்டிலேயே கழுவி நறுக்கி டிபன் கேரியரின் அடித்தட்டில் வைத்து, மேல்தட்டில் இட்லியை அடுக்கிக் கொண்டுவருவார். "இன்னாக்கா, மீன் துன்றதுக்கு இவ்ளோ பேஜாரா?" என்று அவர் சிரித்தால் அம்மா பாய்ந்து வாயைப் பொத்துவாள். அப்பாவோ மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, தூபக்காலோடு அறை அறையாகச் சுற்றுவார். நாங்கள் தின்ற முள்ளைப் பேப்பரில் சுற்றி, மறுநாள் ஆபீஸ் பையில் வைத்துத் தாம்பரம் வரை கொண்டுபோய்ப் போடுவதும் அந்தச் சைவர்தான். "என்னைக் கட்டிக்கிட்ட பாவத்துக்கு உங்கம்மா நாக்கை அறுத்துக்கணுமா?" என்பார்.

ஒரு ஞாயிறு, குழம்பு கொதிக்கும் நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். ஓனர் ஆன்ட்டி.

"வாரா வாரம் சாம்பிராணி மணக்குதே, என்ன பூஜைன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் சார்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார். எனக்கு மறுபடியும் லாரி, மறுபடியும் புதுப் பள்ளிக்கூடம் என்று கண் இருட்டியது. அப்பா சாமி அலமாரியிலிருந்து கற்கண்டை எடுத்து நீட்டினார். ஆன்ட்டி அதைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டு, சமையலறை வாசலில் உயிரில்லாமல் நின்ற அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சட்டியை நல்லா மூடி வைம்மா. ஜன்னல் பக்கம் ரெண்டு பூனை உக்காந்திருக்கு" என்றார் மெதுவாக. சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. பயம் அன்றோடு போயிருக்க வேண்டும், எனக்கோ இரட்டித்தது. மாடியில் அவர் கணவரின் குரல் கொஞ்சம் உயர்ந்தாலும், சொல்லிவிட்டார் போலிருக்கிறது என்று புத்தகங்களைப் பையில் திணிக்கத் தொடங்குவேன். நாங்களாகக் காலி செய்யும்வரை ஆன்ட்டி யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்த வீடு இப்போது இல்லை, இடித்து அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். ஆன்ட்டி எங்கே இருக்கிறாரோ தெரியாது. எங்களுக்குச் சொந்தமாக ஒரு பிளாட் இருக்கிறது. போன மாதம் அம்மா வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தபோது காலிங் பெல் அடித்தது. கூரியர்தான். வாங்கிக்கொண்டு திரும்பினால், அடுப்பு அணைந்திருக்கிறது. வாணலியை முந்தானையால் மறைத்தபடி அம்மா நிற்கிறாள்.

"அம்மா, இது நம்ம வீடும்மா."

"எனக்குத் தெரியுதுடி," என்றாள். "இந்தக் கைக்குத் தெரியலையே."