எங்கள் வீட்டில் மஸ்டாங்கும் சேலஞ்சரும்

ஒயிட்ஃபீல்டில் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. ஐரோப்பாவில் கார் வாங்க நினைப்பவர்கள் படிக்கும் ஓர் இணையதளத்துக்கு இங்கிருந்து எழுதிக் கொடுக்கிறோம். என் பங்குக்கு வந்தவை மஸ்டாங், சேலஞ்சர் போன்ற அமெரிக்க மசில் கார்கள். பெரிய எஞ்சின், நீண்ட முகப்பு, தெருவையே அதிர வைக்கும் சத்தம். எந்த நாட்டில் எந்தக் காருக்கு வரி அதிகம், இன்சூரன்ஸ் யார் கொடுப்பார்கள், பாகம் உடைந்தால் எங்கிருந்து வரவழைக்க வேண்டும் என்று ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்த்து எழுத வேண்டும். அப்படி ஒரு காரை நான் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை.

இந்தக் கார்ப் பைத்தியம் என் கணவருக்குத்தான், அதிலும் சேலஞ்சர் என்றால் உயிர். பொம்மசந்திராவில் மெஷின் ஆபரேட்டராக இருந்தார். எங்கள் இருவருக்கும் ஊர் தங்கவயல். கல்யாணமானதும் ஸ்ரீராம்புரத்தில் வீடு பார்த்துக்கொண்டோம். ஒரு மதியம் ஷிப்ட் முடிந்து பைக்கில் வந்தவரை ஓசூர் ரோட்டில் லாரி தட்டிவிட்டது. உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே எதுவும் தப்பவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் யாரிடமும் பேசவில்லை. கேட்டதற்குத் தலையாட்டுவார், அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை அவர் கட்டிலோரம் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை செய்துகொண்டிருந்தேன். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். ஐரோப்பாவில் வைத்துக்கொள்ள மஸ்டாங்தான் புத்திசாலித்தனமான தேர்வு என்று படித்தேன்.

"யாரு சொன்னது?" என்றார்.

எத்தனையோ நாள் கழித்துக் கேட்ட குரல். திரும்பிப் பார்த்தால் எங்கே நின்றுவிடுமோ என்று பயந்து, திரையைப் பார்த்தபடியே பதில் சொன்னேன். "நான்தான் சொல்றேன். அதை அங்கயே ஷோரூம்ல விக்கிறாங்க. சர்வீஸுக்கு எடம் இருக்கு. உங்க சேலஞ்சர யாராவது கப்பல்ல போட்டுக் கொண்டு வரணும். லைட்ட மாத்தணும், அந்த ஊரு சட்டத்துக்குப் பேப்பர் வாங்கணும். ஒரு கண்ணாடி ஒடஞ்சா அமெரிக்காவுல இருந்து வர்ற வரைக்கும் காத்துக்கினு இருக்கணும்."

"காத்துக்கினு இருப்பான். ஆசப்பட்டு வாங்கனவன் இருக்க மாட்டானா?"

அன்று தொடங்கிய சண்டை. வேலை முடிந்து மெட்ரோவில் மெஜஸ்டிக் வந்து, வண்டி மாறி, வீட்டுப் படியேறும்போதே எனக்கு ஒரு பரபரப்பு வந்துவிடும். அவர் தயாராக இருப்பார். ஜெர்மனியில் எஞ்சின் அளவைப் பார்த்து வரி போடுகிறார்கள் என்று நான் சொன்னால், "அப்ப உன் மஸ்டாங் மட்டும் சைக்கிள் எஞ்சினா?" என்பார். நெதர்லாந்தில் வண்டியின் எடைக்கும் வரி உண்டு, சேலஞ்சர் கனமான வண்டி என்று மடக்கினேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, அங்கே பலர் இந்தக் கார்களுக்கு கேஸ் டேங்க் மாட்டிப் பெட்ரோல் செலவைக் குறைக்கிறார்கள் என்று போனில் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னார். "நம்ம ஊரு ஆட்டோ மாதிரி" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். பக்கத்து வீட்டு அம்மா என்னவோ என்று கதவருகே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த நாட்களில்தான் ஒருமுறை, என்னைப் பார்க்காமல், "கால் இல்லாம ஓட்டறாங்களா அங்க?" என்று கேட்டார்.

ஓட்டுகிறார்கள். கியர் தானாக மாறும் வண்டியில், பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் கையாலேயே இயக்குகிற மாதிரி ஒரு பிடியை ஸ்டியரிங் பக்கத்தில் பொருத்திக் கொடுக்கிறார்கள். இரண்டு கார்களுக்குமே பொருத்த முடியும். வீடியோவைக் காட்டினேன். ஒருவர் சக்கர நாற்காலியிலிருந்து கையை ஊன்றி சீட்டுக்கு மாறி, நாற்காலியை மடித்து உள்ளே இழுத்துக்கொண்டு கிளம்பிப் போனார். இவர் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"தோள்ல பலம் வேணும்" என்றார்.

மறுநாளிலிருந்து பிசியோதெரபிஸ்ட் சொன்னதையெல்லாம் மறுபேச்சில்லாமல் செய்தார். தலைக்கு மேல் கட்டிய கயிற்றைப் பிடித்துத் தம் கட்டி எழுந்து உட்கார்ந்தார். மசில் கார் எங்களுக்கு வரப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். ஆனால் பழைய கார் ஒன்றை வாங்கிக் கைப்பிடி மாட்டி தங்கவயல் வரைக்கும் போய் வரலாம் என்று பேசிக்கொண்டோம். நான் அதை நம்பினேன். அவர் என்னைவிட அதிகமாக நம்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ கொடுத்தேன். எவர்சில்வர் டம்ளர், என்னால் புடவைத் தலைப்பு இல்லாமல் பிடிக்க முடியாத சூடு. அவர் உள்ளங்கையில் வாங்கி அப்படியே வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். "சுடலையா?" என்றேன். டம்ளரைப் பார்த்தார், கையைப் பார்த்தார். உள்ளங்கை சிவந்து போயிருந்தது.

"தெரியலயே" என்றார்.

ஸ்கேன் எடுத்தார்கள். அடிபட்ட இடத்திலிருந்து தண்டுவடத்துக்குள் நீர் கோத்து மேல்நோக்கி ஏறுகிறது என்று டாக்டர் கன்னடத்தில் நிதானமாக விளக்கினார். சிலருக்கு இப்படி ஆகுமாம். ஆபரேஷன் செய்தால் மேலும் ஏறாமல் நிறுத்திப் பார்க்கலாம், போனது திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார். என் கணவர் கேட்டது ஒன்றே ஒன்று: "கை?" டாக்டர் என்னைப் பார்த்து, கையும் போகலாம் என்றார். அவரைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

ஆபரேஷன் நடந்தது. ஏறுவது நின்றதா என்பது தெளிவாவதற்குள் வலது கை விரல்கள் மடங்கிக்கொண்டன. இடது கையால் போனைத் தூக்க முடிகிறது, பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தேன்.

சண்டையை மறுபடி மூட்டிவிடப் பார்த்தேன். வேண்டுமென்றே தப்பாகப் பேசினேன். "யோசிச்சுப் பாத்தா உங்க சேலஞ்சர்தான் அங்க செலவு கம்மி போல" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த நாள், சேலஞ்சரின் பழைய பெட்ரோல் எஞ்சின் வண்டியைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள், பக்கங்களைத் திருத்தச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொன்னேன். அதற்காவது கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"இனிமே அந்தப் பேச்சு வேணாம்மா" என்றார். "நீ ஒண்ணும் தப்பா பண்ல. கேக்கறப்ப ஸ்டியரிங்க பிடிச்ச மாதிரி கை ஓடுது. உள்ள ஓடுது. வெளிய ஒண்ணுமில்ல."

லேப்டாப்பை மூடி வைத்தேன்.

ஜன்னலோரம் இருந்த கட்டிலை அவருடைய அண்ணன் வந்து உள்ளறைக்கு மாற்றிக் கொடுத்தார். தெருவில் போகிற வண்டிச் சத்தம் வேண்டாம் என்றார் இவர். இப்போது அவர் பகல் முழுவதும் அங்கேதான். நான் பேசினால் பழையபடி தலையாட்டுகிறார். முன்பு பேசாமல் இருந்தபோது என்றாவது பேசுவார் என்று ஒரு எண்ணம் எனக்கு இருந்தது. இப்போது அது இல்லை.

வேலையை விட முடியாது. இந்த வாரம் பெல்ஜியத்துக்கான பக்கத்தை எழுதுகிறேன். ஒரு காரைப் பற்றி எழுதினால் உடனே இன்னொரு காரின் பக்கம் நின்று பேச ஆள் இல்லாததால் எழுத்து சப்பென்று இருக்கிறது. மேலதிகாரிக்கு வித்தியாசம் தெரியவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொன்னார். லேப்டாப்பை அலுவலகப் பையிலேயே வைத்துவிட்டு, சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போகிறேன்.

"வாயத் தொறங்க" என்கிறேன். திறக்கிறார்.