இடது கை தூக்கியவள்

என் வகுப்புக் கரும்பலகையில் வட்டக் கணக்கில் வரும் பையின் (π) மதிப்பு பல விதமாக இருந்தது: 3.05, 3.2, 3.11, 3.3. எல்லாம் பிள்ளைகள் தங்கள் கையால் அளந்தவை. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற சாலையோரத்து அரசுப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். ஒன்பதாம் வகுப்புக்கு விகிதமுறா எண்கள் நடத்திக்கொண்டிருந்தேன். வீட்டில் வட்டமாக எது இருந்தாலும் தூக்கி வாருங்கள் என்றேன். வளையல், களிக் கிண்ணம், சைக்கிள் ரிம் எல்லாம் வந்தன. கயிற்றால் சுற்றளவு, பிறகு குறுக்களவு, பிறகு வகுத்தல். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த வடிவியல் செயலியைக் கைப்பேசியில் திறந்து, வட்டத்தை விரலால் இழுத்தும் காட்டினேன். வட்டம் எவ்வளவு வீங்கினாலும் விகிதம் அசையவில்லை.

தலைமை ஆசிரியர் பலகையைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"நாளைக்கு கல்வி அதிகாரி விசிட்டுங்க டீச்சர். இதயெல்லாம் அழிச்சிட்டு இருபத்திரண்டு பை ஏழுன்னு எழுதிடுங்க. போனை பீரோவுல வச்சுப் பூட்டிருங்க."

"அழிக்க மாட்டேங்க சார். அவங்க அளந்தது."

"ஏதாச்சும் ஏடாகூடமா ஆச்சுன்னா, வர்ற வருசம் டென்த் உங்களுக்குக் கிடையாதுங்க."

ஆறாம் வகுப்பிலிருந்து என்னிடம் படிக்கும் பிள்ளைகள். பத்தாவதையும் நானே முடித்து அனுப்ப வேண்டும் என்பது என் ஆசை. அது அவருக்கும் தெரியும், அதனால்தான் அங்கே கை வைத்தார்.

நான் மசியவில்லை என்றதும் அவரே வகுப்புக்குப் போய் விசிட் ஒத்திகையை நடத்தினார். அதிகாரி கேள்வி கேட்டால் எல்லோரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. டீச்சர் வலது கையைப் பார்த்துக் கூப்பிடுவார். இந்தப் பித்தலாட்டத்துக்குச் செலவழிக்கிற மூளையைப் பாடத்துக்குச் செலவழித்தால் நாடு எங்கேயோ போயிருக்கும்.

மறுநாள் அதிகாரி வந்தார். "பையின் மதிப்பு என்ன?" என்றார். அத்தனை கைகளும் எழுந்தன. கடைசி வரிசையில் ஒருத்தி இடது கையைத் தூக்கியிருந்தாள். பட்டுப்புழு வளர்க்கிற வீட்டுப் பெண். அளப்பதற்காக வீட்டிலிருந்து பெரிய மூங்கில் தட்டைத் தலையில் சுமந்து வந்திருந்தாள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? அவளைக் கூப்பிட்டேன். தலைமை ஆசிரியர் இருமினார்.

"தெரியலீங்க சார். எங்க வூட்டுத் தட்டுக்கு மூணு புள்ளி மூணு வருதுங்க," என்றாள்.

"தப்பு. உட்காரு."

"ஏன் அப்படி வந்ததுன்னு அவளே பார்க்கட்டுங்க சார்," என்றேன். கைப்பேசியை எல்லோர் முன்னாலும் எடுத்து, செயலியில் வட்டத்தை லேசாக நசுக்கினேன். அவள் அதையே பார்த்தாள். பிறகு தட்டைத் தரையில் போட்டு, முதலில் அளந்ததற்குக் குறுக்காக இன்னொரு முறை அளந்தாள். வகுத்தபோது இந்த முறை மூன்றுக்குச் சற்றுக் குறைவாக வந்தது.

"டீச்சர், இது வட்டமே இல்லீங்க!" என்று கத்தினாள். வகுப்பே எழுந்து தட்டைச் சூழ்ந்துகொண்டது. என் பணிக்காலத்தில் அவ்வளவு சந்தோஷமான சத்தத்தை நான் கேட்டதில்லை.

அதிகாரி பாடம் பின்தங்கியிருப்பதாக எழுதிவிட்டுப் போனார். ஜூன் மாதம் பத்தாம் வகுப்பு வேறொருவருக்குப் போயிற்று, எனக்கு ஆறாம் வகுப்பு வந்தது. அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது? ஆறாம் வகுப்புக்கும் கயிறு எடுத்துக்கொண்டுதான் போனேன்.

பள்ளி திறந்து சில மாதம் கழித்து ஒருநாள் அதே பெண் பத்தாம் வகுப்புக்கு வெளியே வராந்தாவில் நின்றிருந்தாள்.

"என்ன பண்ணுன?"

"கூம்போட கனஅளவுக்கு மட்டும் மூணுல ஒரு பங்கு ஏன்னு கேட்டேங்க. புது கணக்கு சார் ஃபார்முலாவ எழுதுன்னாரு. ஏன்னு தெரியாம எழுத மாட்டேன்னு சொல்லிட்டேங்க."

எனக்கு அது ஓய்வுப் பாடவேளை. சத்துணவுக் கூடத்தில் கேழ்வரகு கொஞ்சம் வாங்கினேன். அட்டையில் ஒரு கூம்பும், அதே வாயும் அதே உயரமுமாய் ஓர் உருளையும் செய்துகொண்டு வராந்தாவுக்கே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேழ்வரகை நிரப்பி உருளைக்குள் ஒரு கூம்பு கொட்டினாள். இரண்டு. உள்ளே பாடம் நின்றுவிட்டது. ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் முகங்கள் நெருக்கியடித்தன. "டீச்சர், இங்க என்ன பண்றீங்க?" என்று உள்ளிருந்து அந்த சாரின் குரல் வந்தது.

"கொஞ்சம் தள்ளி உட்காரும்மா," என்று அவளிடம் சொன்னேன். "அவங்களுக்கு மறைக்குது."

உருளை விளிம்புவரை நிரம்ப, மூன்றாவது கூம்பை அவள் ஜன்னலைப் பார்த்தபடி கொட்டினாள்.