சாரலில் மரத்த மோதிர விரல்

இந்த அத்தியாயத்தை எழுத வேண்டாம் என்கிறார் என் நண்பர். இதுவரை எழுதிய எட்டு அத்தியாயங்களில் அவர் ஒரு வரியைக்கூட மறுத்ததில்லை. நான் சொல்லச் சொல்ல அவர்தான் எழுதுவார். செங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் வெகுகாலம் கம்பவுண்டராக இருந்தவர். டாக்டரின் கிறுக்கலைப் படித்துப் படித்துக் கண் கெட்டதாலோ என்னவோ, தன் எழுத்தை மட்டும் அச்சுப் போல வைத்திருக்கிறார். இன்று பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டு வெற்றிலைச் செல்லத்தை எடுத்துக்கொண்டார்.

"உம்ம தவிலப் பத்தி எழுதும், தேரோட்டத்தப் பத்தி எழுதும். நான் பண்ணின சோதனை தப்பாப் போன கதைய எதுக்குவே ஊருக்குச் சொல்லணும்?"

"சோதனையில தப்பில்ல. சோதனைக்கு உக்காந்தவன் தவில்காரன். அதான் வினை."

"படிக்கிறவன் அப்படியா நினைப்பான்? என்னயப் பாத்துல்லா சிரிப்பான்."

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அந்த ஆடியிலிருந்து ஐப்பசி வரை எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வாழ்க்கையைப் பற்றி உண்மையாக எழுதுவது என்று உட்கார்ந்துவிட்டு அதை விட்டால், மற்ற எட்டு அத்தியாயங்களும் பொய்யாகிவிடும்.

நான் பயந்தவன். பள்ளிக்கூடத்தில் ஃபோர்த் பாரம் வரை படித்தேன். அங்கே கணக்கில் முதல் மார்க்கு வாங்கியதற்குக் காரணம் அறிவு அல்ல, பயம். பயம் வந்தால் நான் எண்ணத் தொடங்கிவிடுவேன். தென்காசிக் கோயிலில் இடி விழுந்து பிளந்து நிற்கும் கோபுரத்துக்கு அடியில் நுழையும்போது, வாசல் காற்று முகத்தில் அடிக்கும் வரை தூண்களை எண்ணுவேன். கூட்டத்தில் தலைகளை எண்ணுவேன். தவிலுக்கு வந்த பிறகு இந்தக் குணத்துக்கு மரியாதை கிடைத்தது. எந்தக் கணக்கில் விட்டாலும் சரியான இடத்தில் வந்து சேருகிறான் என்றார்கள். பயந்து பயந்து எண்ணுகிறான் என்று யாருக்குத் தெரியும்?

தவில்காரனுக்கு இடது கையில் குச்சி, வலது கை விரல்களில் கூடு. துணிப் பட்டையைச் சோற்றுப் பசையில் தோய்த்து விரலின்மேல் அடுக்கடுக்காகச் சுற்றிக் காயவைத்தால் கல் மாதிரி இறுகும். அதுதான் கூடு. அது இல்லாமல் இழுத்துக் கட்டிய தோலில் அடித்தால் விரல்தான் கிழியும். வெயில் ஊர்களில் அது நன்றாகக் காயும். எங்கள் பக்கம் ஆனி பிறந்தால் மலையிலிருந்து சாரல் இறங்கிவிடுகிறது. தென்காசியில் வேட்டி காயாது. குற்றாலத்தில் சுவரே காயாது. சோற்றுப் பசை மட்டும் எப்படிக் காயும்? அடுப்புத் தணலில் காட்டி எடுத்துப் போனாலும், கோயிலுக்குள் நின்று கொஞ்ச நேரம் வாசிப்பதற்குள் ஈரம் ஏறி இளகிவிடும்.

ஓர் ஆனி மாதம் குற்றாலம் கோயிலில் காலைப் பூசைக்கு வாசித்துக்கொண்டிருந்தபோது என் மோதிர விரல் கூடு கழன்று பறந்து நாயனக்கார அண்ணாச்சியின் தோளில் போய் விழுந்தது. அவர் நாயனத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஏலே, இன்னைக்குக் கூட்டக் கழத்திப் போட்ட. நாளைக்கு விரலயும் கழத்திப் போட்டுறாதலே" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் என் விரல்களை எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

காரணம் உண்டு. எனக்கு முன்னால் அதே அண்ணாச்சிக்குத் தவில் வாசித்தவருக்குக் குஷ்டம் வந்தது. ஒருநாள் கூட்டைக் கழற்றியபோது உள்ளே ரத்தமாம். விரல் கிழிந்ததே அவருக்குத் தெரியவில்லையாம். அப்படித்தான் அந்த நோய் வெளியே வந்தது என்று பேசிக்கொண்டார்கள். கோயிலில் நிறுத்தினார்கள். வீட்டில் கொல்லைப் பக்கம் படுக்க வைத்தார்கள். அப்புறம் கொல்லையிலும் இடமில்லை. நான் சொல்லும் காலத்தில் அவர் அருவிக்குப் போகும் பாதையில் ஒரு மருத மரத்தடியில் இன்னும் சிலரோடு உட்கார்ந்திருப்பார். துணி சுற்றிய கையால் தகரத் தட்டைத் தட்டிக் கேட்பார். குளிக்கப் போகிறவர்கள் காசு போட்டுவிட்டு நகர்வார்கள். நான் பாதையின் மறு ஓரமாகப் போவேன். மறு ஓரத்திலும் அந்தத் தகரச் சத்தம் கேட்கும். தாளத்தின் காலப்பிரமாணம் ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் கேட்கும்.

அண்ணாச்சியின் கேலிக்குப் பிறகு நான் கூடுகளின் அடியில் நூலைச் சுற்றிக் கட்டத் தொடங்கினேன். இனிமேல் கழன்று விழக்கூடாது. பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போடுவேன். முதலில் வலித்தது. பிறகு வலிக்கவில்லை. பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடியில் ஒரு முற்பகல். பூசை முடிந்து பிராகாரத்து ஓரத்தில் உட்கார்ந்து கூடுகளைக் கழற்றினேன். மோதிர விரல் கூட்டுக்குள் ரத்தம். நகக்கண் கிழிந்து தொங்கியது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. விரலை அழுத்திக் கிள்ளினேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுடைய விரலைக் கிள்ளியது போல இருந்தது.

துண்டால் விரலை மூடிக்கொண்டு எழுந்தேன். அண்ணாச்சி, "என்னலே முகமெல்லாம் வெளுத்திருக்கு?" என்றார். பசி என்றேன்.

எது போய்விடும் என்று அன்றே ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டேன். தவில் போகும். கோயில் போகும். வீட்டுக்குள் இருக்கிற இடம் போகும். எங்களுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. முதலில் அவளைத் தூக்குவதை நிறுத்தினேன். என் பாயைத் தனியாகப் போட்டேன். தட்டில் சாப்பிடாமல் இலை கேட்டேன்.

"எங்கிட்ட ஏதும் கோவமா?" என்று கேட்டாள் மனைவி.

"விரதம்."

"எந்தச் சாமிக்கு? பெத்த புள்ளயத் தூக்கப்பிடாதுன்னு சொல்லுத சாமி எந்த ஊருல இருக்கு?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

தென்காசியில் எந்த மருந்துக்கடைப் படியேறினாலும் பொழுது சாய்வதற்குள் வீட்டில் கேட்பார்கள். அதனால் ரயிலேறிச் செங்கோட்டைக்குப் போனேன். அப்போது அது திருவாங்கூர்ச் சீமை. என்னைத் தெரிந்தவர்கள் குறைவு. ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு டாக்டரின் சிறிய மருந்துக்கடை. உள்ளே டாக்டர் இல்லை. கம்பவுண்டர் ஒருவர் கல்வத்தில் மருந்து இடித்துக்கொண்டிருந்தார். இன்று எதிரே வெற்றிலை மெல்லுகிறவர்தான் அவர்.

"டாக்டர் புளியறைக்கு ஒரு தீனக்காரனப் பாக்கப் போயிருக்காரு. உமக்கு என்ன தீனம்?"

"விரல் மரத்திருக்கு" என்றேன். நோயின் பெயரை நான் சொல்லவில்லை. அவர் இடிப்பதை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே பெயர் இருந்தது.

பெஞ்சில் உட்கார வைத்துக் கண்ணைத் துண்டால் கட்டினார். "கோழி இறகால தொடுவேன். எத்தன தடவ தொட்டேன்னு எண்ணிக்கிட்டே வாரும். போதும்னு சொன்னதும் கணக்கச் சொல்லணும்" என்றார்.

எண்ணச் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. எண்ணினேன். அவர் "போதும்" என்றார். நான் "நாப்பது" என்றேன்.

"சரியாச் சொல்லிட்டீரே! நாலு விரலு, விரலுக்குப் பத்து. உமக்கு ஒரு சூக்கேடும் இல்ல, போயிட்டு வாரும்."

அழுதுவிடுவேன் போல இருந்தது. ரயிலில் ஏறியதும் பலகையில் விரலால் தட்டிக்கொண்டே வந்தேன். வண்டிச் சக்கரமும் தண்டவாளமும் ஒரு நடை போட, நான் அதற்கு ஆதி தாளம் வைத்துக்கொண்டு மனசுக்குள் எண்ணினேன். எட்டு, பதினாறு, இருபத்துநாலு, முப்பத்திரண்டு, நாற்பது.

நாற்பதில் என் கை நின்றது.

ஆதி தாளத்தின் ஒரு சுற்றுக்கு எட்டு; நாற்பது என்றால் சரியாக ஐந்து ஆவர்த்தனம். மருந்துக்கடையில் நான் எண்ணியது இறகு தொட்டதை அல்ல, தாளத்தை. பகலெல்லாம் கல்வத்தில் இடித்த கை அவருடையது. ஒரே காலப்பிரமாணத்தில் தொட்டுக்கொண்டே போயிருக்கிறது. ஆள்காட்டி விரலில் இறகு பட்டது ஞாபகம் இருந்தது. நடுவிரலில் ஞாபகம் இருந்தது. மோதிர விரலில் எவ்வளவு யோசித்தும் ஞாபகம் இல்லை. அங்கே இறகு பட்டது தெரியாமலே நான் எண்ணிக்கொண்டு போயிருக்கிறேன். தாளம் ஒருமுறை பிடிபட்டுவிட்டால் மேளம் நின்றாலும் உள்ளே ஓடுமே, அப்படி.

இப்போது பயம் முன்னைவிட மோசமாக இருந்தது. முன்னால் எனக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது ஒன்றுமில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டார். அந்தச் சொல் செல்லாது என்பது எனக்கு மட்டும் தெரியும். அதை வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிடலாம் என்றும் தோன்றியது.

வீட்டுக்குள் நுழைந்ததும் குழந்தை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். நானும் கையை நீட்டிவிட்டேன். பாதியில் நிறுத்தினேன். அவள் என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் திரும்பிப் போனாள்.

மறுநாள் மறுபடி செங்கோட்டை ரயில்.

"நேத்து உங்க கை தாளம் போட்டுது. நான் தாளத்தத்தான் எண்ணினேன்" என்றேன்.

"ஓய், நான் சோதிச்சேனா, கச்சேரி பண்ணினேனா? சொகமா இருக்கேன்னு சொன்னா நம்பாத ஆள இப்பதான் பாக்கேன்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே விஷயம் புரிந்துவிட்டது. முகம் மாறியது. துண்டை எடுத்தார்.

"இந்தத் தடவ எண்ணாதீரும். இறகு பட்டா 'ஆமா'ன்னு மட்டும் சொல்லும்."

எண்ணாமல் இருட்டில் உட்கார்ந்திருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. கிணற்றில் கயிற்றை விட்டுவிட்டவன் போல இருந்தேன். ஆள்காட்டி விரல். "ஆமா." வெகு நேரம் ஒன்றுமில்லை. நடுவிரல். "ஆமா." உடனே மறுபடி நடுவிரல். "ஆமா." அப்புறம் ஒன்றுமில்லை. ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. தெருவில் யாரோ இருமிக்கொண்டு போனார். வேண்டுமென்றே என்னைக் காக்க வைக்கிறார் என்று நினைத்தேன்.

"இன்னும் தொடலையா?" என்று கேட்டேன்.

அவர் துண்டை அவிழ்த்தார். இறகு என் மோதிர விரலின் மேல் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் என் முழங்கை நரம்பை உருட்டிப் பார்த்தார். காது மடலைப் பார்த்தார், சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்தார். கடைசியில் விரலைத் திருப்பி அதன் அடியில் பதிந்திருந்த பள்ளத்தைக் காட்டி, "இது என்ன கோடு?" என்றார்.

"கூடு கழறாம இருக்கக் கட்டுத நூலு."

"இப்படியா கட்டுவாக? கோழிக் காலக்கூட இப்படிக் கட்ட மாட்டாகளே!" பிறகு குரலைத் தணித்தார். "நூலாலயும் இருக்கலாம். அதாலயும் இருக்கலாம். ஐப்பசி வரைக்கும் தவிலத் தொடாதீரும். உணர்ச்சி திரும்புச்சுன்னா நூலு. திரும்பலன்னா..."

புளியறையிலிருந்து திரும்பிய டாக்டரும் பார்த்தார். கம்பவுண்டர் சொன்னதையே இங்கிலீஷில் சொன்னார்.

அண்ணாச்சியிடம் கை சுளுக்கு என்றேன். சுரண்டையிலிருந்து வேறு தவில்காரன் வந்தான். நான் ஈரத் திண்டில் உட்கார்ந்து அவன் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். விரலை நானே சோதித்துக்கொள்ள வழியில்லை. நான் தொட்டால் தொடுவது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. மனைவியிடம் கேட்க முடியாது. அதனால் வாரந்தோறும் செங்கோட்டைக்குப் போனேன். கம்பவுண்டர் கதவைச் சாத்திவிட்டுத் துண்டைக் கட்டுவார். சில வாரம் ஏதோ ஊர்வது போல இருக்கும்; அடுத்த வாரம் அதுவும் இருக்காது. திரும்பி வரும்போதெல்லாம் ரயில் சத்தத்தை எண்ணாமல் இருக்கக் காதைப் பொத்திக்கொள்வேன். எங்கள் சிநேகிதம் அப்படி வளர்ந்ததுதான்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு காலை. மனைவி கஞ்சியை லோட்டாவில் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கினேன்.

"ஆ!" என்று கத்தி லோட்டாவைக் கீழே போட்டேன். மோதிர விரல் சுட்டுவிட்டது.

"சூடுன்னு சொல்லிக்கிட்டேதான தாரேன்?"

"இன்னொரு லோட்டா கொண்டா."

"கிறுக்கா புடிச்சிருக்கு உங்களுக்கு?"

"கொண்டாங்கேன்!"

கொண்டுவந்தாள். மறுபடி சுட்டது. சுட்ட விரலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். குழந்தை வந்து மடியில் ஏறினாள்; தள்ளவில்லை. ஆடியிலிருந்து நடந்ததையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நோயின் பெயரை நான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னபோது, குழந்தையை என் மடியிலிருந்து தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குழந்தையைத் திரும்பவும் என் மடியில் விட்டாள். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் மறக்கவில்லை. அவள்மேல் வருத்தமும் இல்லை. நானாக இருந்தால் திரும்ப விட்டிருப்பேனா என்று தெரியாது.

ஐப்பசி விசுத் திருவிழாவுக்கு நூல் இல்லாமல் கூடு மாட்டி வாசித்தேன். இரண்டு கூடு பறந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். இந்த முறை கேலி செய்யாமல் நாயனத்தை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். மருத மரத்தடியில் தகரத் தட்டு அப்போதும் ஒலித்தது. பாதையைக் கடந்து அந்த ஓரம் போக எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த சாரலுக்கு அந்தப் பழைய தவில்காரர் அங்கே இல்லை.

நூல்தான் காரணம் என்று நிச்சயமாகச் சொல்லும்படி அந்த ஐப்பசியிலேயே கம்பவுண்டரிடம் கேட்டேன். "சில பேருக்கு ரொம்ப வருசம் கழிச்சுத்தான் காட்டும். பயப்படாதீரும், ஆனா கவனமா இரும்" என்றார். இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்யத் தெரிந்தவனை நான் இதுவரை பார்த்ததில்லை.

அதனால்தான் இந்தப் புத்தகத்துக்காக உட்காரும் ஒவ்வொரு மாலையும் முதல் வேலையாக நான் கண்ணை மூடி வலது கையை நீட்டுகிறேன். அவர் பேனாவின் பின்பக்கத்தால் தொடுவார். இன்று கோபத்தில் அதையும் செய்யவில்லை. இவ்வளவும் எழுதி முடித்த பிறகு பேனாவை அவர் பக்கம் தள்ளிவிட்டுக் கண்ணை மூடினேன். கையை நீட்டினேன்.

ஒன்றும் தெரியவில்லை. பொறுத்தேன். அப்போதும் தெரியவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. அதை எண்ணாமல் இருக்கப் பார்த்தேன்.

"தொட்டுட்டீரா?" என்றேன்.

"வாயில வெத்தலையோட நான் எங்கவே தொட்டேன்? பொறும்."

எழுந்துபோய்த் துப்பிவிட்டு வரும் சத்தம் கேட்டது. நாற்காலி கிறீச்சிட்டது. அப்புறம் ஒன்றுமில்லை; அதற்கும் அப்புறம், மோதிர விரல்.

"ஆமா" என்றேன்.