சுவரைப் பார்த்து ஒட்டிய பக்கம்

இரும்பு பீரோ ஒன்றை, அதன் சொந்தக்காரர் உள்ளே படுத்துத் தூங்கிக்கொண்டிருக்க, அவர் தூக்கம் கலையாமல் ஆறு மாடி ஏற்றி வைத்தவன் என் தம்பி. இதில் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிவிட்டேன். மாடி நான்குதான். சொந்தக்காரர் பீரோவுக்குள் இல்லை. கீறல் விழப்போகிறது என்று புலம்பியபடி பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார். பீரோ மட்டும் நிஜம்.

வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது அவன் தொழில். முப்பத்திரண்டு வருடம். லிஃப்ட் இல்லாத கட்டடமென்றால் அவனைத்தான் கேட்டு அனுப்புவார்கள். கூட்டாளிகள் 'லிஃப்ட்' என்றே அவனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பளுவான சாமானைப் படியில் கொண்டுபோகும்போது மேலே ஒருவர், கீழே ஒருவர் பிடிப்பார்கள். பாரமெல்லாம் கீழே இருப்பவர் மேல்தான் சாயும். அந்த இடத்தை அவன் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மூன்று பேர் சாப்பாட்டை ஒருவனே சாப்பிடுவான். பொழுது சாய்வதற்குள் அது போன இடம் தெரியாது.

ஐம்பத்தாறாவது வயதில் ஒரு வாஷிங் மெஷினோடு பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தவன், படி முடிந்துவிட்டது என்று நினைத்தான். இன்னும் ஒன்று இருந்தது. மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தொடை வரை மாவுக்கட்டு போட்டார்கள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். எந்தக் காகிதம் வந்தாலும் என் மூக்குக் கண்ணாடிக்குத்தான் வரும். மருத்துவமனைச் சீட்டும் வந்தது. 'காலுக்கு ஓய்வு, எட்டு வாரம், ஊன்றக் கூடாது' என்று செய்தி வாசிக்கிற குரலில் வாசித்தேன். இந்த வீட்டில் காகிதம் வைத்த இடத்தில் இருக்காது என்பதால், சீட்டைக் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியும் வைத்தேன். நான்கு மூலையில் மட்டுமல்ல, நடுவிலும் பசை தடவி. ஒட்டுகிற வேலையில் நான் குறை வைப்பதில்லை.

காலுக்கு என்று எழுதியிருந்த ஓய்வை, தம்பி பெண்டாட்டி அவன் வாயைத் தவிர மற்ற எல்லா உறுப்புக்கும் பங்கு போட்டுக் கொடுத்தாள். அவன் தண்ணீருக்குக் கையை நீட்டினால் தம்ளர் முந்திக்கொண்டு வரும். தலை வாரிவிட்டாள். தலையணை மேல் தலையணை வைத்து, அவன் முதுகு தானாக நிமிர வேண்டிய அவசியமே இல்லாமல் செய்தாள். அவன் எழப் பார்த்தால் சுவரைக் காட்டுவாள். “படுங்க. அண்ணி படிச்சுப் பார்த்துதான் ஒட்டியிருக்காங்க. ஊர்ச் சாமானெல்லாம் தூக்கினது போதும்.” சாப்பாடு மட்டும் பழையபடி மூன்று பேருக்கானது. பார்க்க வந்தவர்கள் முகம் தெளிந்திருக்கிறது, ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறார் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். நானும்தான் பாராட்டினேன்.

எட்டு வாரம் கழித்து மாவுக்கட்டை வெட்டி எடுத்தபோது உள்ளே வேறு யாருடைய காலோ இருந்தது. ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்று கேட்க வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். பீரோவைத் தாங்கிய தொடையை இப்போது என் இரண்டு கைகளால் வளைத்துப் பிடித்துவிடலாம். அடிபடாத காலும் பாதியாகியிருந்தது. குதிகாலில், கட்டு அழுத்திய இடத்தில் ஒரு புண். ரத்தத்தில் சர்க்கரை முந்நூற்று எண்பது.

பயிற்சி கொடுக்கிற பெண் அவன் காலை மெல்லத் தூக்கிப் பார்த்துவிட்டு, பின்பக்கத்தில் இருந்ததையெல்லாம் செய்தீர்களா என்று கேட்டாள்.

“எந்தப் பின்பக்கம்?” என்றேன்.

“சீட்டோட பின்பக்கம்மா.”

வீட்டுக்கு வந்து ஈரத்துணி வைத்து ஊறவைத்து, கத்தியால் சுரண்டி எடுத்தோம். சுண்ணாம்போடு சேர்ந்து துண்டு துண்டாக வந்தது. எட்டுப் படங்கள். கட்டுக்குள்ளேயே தொடையை இறுக்கிப் பத்து எண்ண வேண்டும். கால் விரல்களை ஆட்ட வேண்டும். நல்ல காலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து மடக்க வேண்டும். தினமும் மூன்று வேளை.

தம்பி அந்தத் துண்டுகளை மடியில் வரிசையாக அடுக்கிப் பார்த்தான்.

“அக்கா, நீ இந்தப் பக்கத்தைத் திருப்பிப் பாக்கலயா?”

“பாக்கலடா.”

அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

படித்தவள் என்பதால் காரணமும் எனக்குத்தான் விளங்குகிறது. தின்றது சர்க்கரையாகி ரத்தத்துக்கு வரும். அதைப் பெரும்பங்கு வாங்கிக்கொள்கிற வாடிக்கைக்காரர் தசை. வேலை செய்கிற தசை கேட்டு வாங்கும். படுத்துக் கிடக்கிற தசை கதவைச் சாத்திக்கொள்ளும், தட்டினாலும் திறக்காது. நாளாக ஆக அந்தத் தசையே கரைந்துபோகும். அவனுக்கு மூன்று பேர் சாப்பாட்டை வாங்க ஆளில்லாமல் போயிற்று. கால் நடந்தால் சர்க்கரை இறங்கும், சர்க்கரை இறங்கினால் புண் ஆறும், புண் ஆறினால் கால் நடக்கும். மூன்றும் ஒன்றையொன்று 'நீங்கள் முதலில் போங்கள்' என்று உபசாரம் சொல்லிக்கொண்டு ஐந்து மாதமாக வாசலிலேயே நிற்கின்றன.

அவன் கேட்பது ஒன்றே ஒன்று. தன் காலால் தெருவுக்கு இறங்க வேண்டும். வீடு மூன்றாவது மாடி, ஐம்பத்து நான்கு படி, லிஃப்ட் கிடையாது. போன மாதம் மருத்துவமனைக்குப் போகக் கூட்டாளிகள் வந்து நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். அவன் எப்போதும் நிற்கிற கீழ்ப்பக்கத்தில் வேறொருவர் நின்றார். திருப்பங்களில் எப்படிச் சாய்க்க வேண்டும் என்று இரண்டு மாடி வரை சொல்லிக்கொண்டே வந்தவன், பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

“பீரோவே தேவலை அண்ணே, நீங்க அதைவிடக் கனம்” என்றார் தூக்கியவர், அவனைச் சிரிக்க வைக்கத்தான்.

“பீரோக்குள்ள ஏதாவது இருக்கும்டா” என்றான் கண்ணைத் திறக்காமலே.

டாக்டர் இப்போது, அதே காலில் கறுத்துப்போன இரண்டு விரல்களை எடுப்பது பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறார். எடுத்துவிட்டால் பிறகு நடப்பது பற்றி என்னவென்று கேட்டேன். முதலில் இதை முடிப்போம் என்றார். குதிகால் தரையில் படாதபடி ஒரு செருப்பு கொடுத்திருக்கிறார்கள். அறைக்குள் பிடித்துக்கொள்ளாமல் முப்பது எட்டு எடுத்து வைத்தால் படியைப் பற்றி யோசிக்கலாம் என்று பயிற்சிப் பெண் சொன்னாள். அவள் சொன்ன கெடு இந்த மாதக் கடைசி. இன்னும் நான்கு நாள் இருக்கிறது.

அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான். பெண்டாட்டி ஜன்னலோரம் தையல் மெஷினில் இருக்கிறாள். அவன் காதில் விழட்டும் என்று, கடைசி வரியை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினேன்: 'நேற்று காலையில் என் தம்பி பதினோரு எட்டு நடந்தான்.'

அவள் மெஷினை நிறுத்தவில்லை.

“நாலுதான், அண்ணி. மீதி ஏழு நான் தூக்கிட்டு வந்தது. அவரு கால் தரையிலயே படல.”